விளம்பரம் சொன்னதற்கு யார் பொறுப்பு? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

விளம்பரத்தை நம்பி ஏமாந்தவர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். மருந்து, நகை, மனை, பயிற்சி மையம் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைப் பற்றியவற்றைச் சேர்த்தும், வழக்கு நடக்கக்கூடியவற்றில் நிறுவனங்களின் பெயரை நீக்கியும் இங்கே வெளியிடுகிறோம்.

தனியார் தொலைக்காட்சியில் காலையில் வரும் வைத்திய நிகழ்ச்சியைப் பார்த்து, 'சர்க்கரை நோயை 90 நாளில் வேரோடு அகற்றும்' என்று சொன்ன சூரணத்தை என் தந்தை 4,800 ரூபாய் கொடுத்துக் கூரியரில் வரவழைத்தார். மாத்திரைகளை நிறுத்திவிடும்படி தொலைபேசியில் கூறியிருக்கிறார்கள். இரண்டே மாதத்தில் சர்க்கரை 380க்கு ஏறிவிட்டது. கேட்டால், 'பத்தியம் சரியாக இருக்கவில்லை' என்கிறார்கள். இதற்கு வழி உண்டா?
– வாசகி, திருச்சி

முதலில் அவருடைய உடல்நிலையைப் பார்ப்போம், சட்டம் பிறகு. நிறுத்திய மாத்திரையை எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய சீட்டை வைத்துக்கொண்டு வீட்டிலேயே தொடங்கிவிட வேண்டாம். போகும்போது சூரணப் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே எழுதித் தரும் குறிப்பும் இரத்தப் பரிசோதனைத் தாள்களும் பின்னர் வழக்குக்கும் முக்கியமான சான்றுகளாகும்.

இனி சட்டம். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதன் அட்டவணையில் 54 நோய்களும் உடல்நிலைகளும் உள்ளன. நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கல், உடல் பருமன், ஆண்மைக் குறைவு, பெண்களின் மலட்டுத்தன்மை, உயரத்தைக் கூட்டுவது உட்பட நம் தொலைக்காட்சிகளில் அன்றாடம் கேட்கும் பலவும் அதில் அடங்கும். இவற்றைக் குணப்படுத்தும் அல்லது தடுக்கும் என்று ஒரு மருந்தைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே இச்சட்டம் தடை செய்கிறது. முதல் முறை குற்றம் உறுதியானால் ஆறு மாதம் வரையிலும், மீண்டும் செய்தால் ஓராண்டு வரையிலும் சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. மருந்து வேலை செய்ததா, உங்கள் தந்தை பத்தியம் காத்தாரா என்ற கேள்விகளுக்கு இச்சட்டத்தின் கீழ் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்படி விளம்பரம் செய்த அந்தக் கணத்திலேயே குற்றம் நிகழ்ந்துவிடுகிறது.

அலோபதி, சித்தா, ஆயுர்வேதம் என்ற பாகுபாடும் இதில் கிடையாது. இந்திய மருத்துவச் சங்கம் 2022இல் தொடுத்த வழக்கில் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்களை உச்ச நீதிமன்றம் விசாரித்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். இத்தகைய விளம்பரங்களை இனி வெளியிட மாட்டோம் என்று 2023 நவம்பரில் உறுதி கூறிய பிறகும் அவை தொடர்ந்ததால், 2024 பிப்ரவரியில் நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. நாளிதழ்களில் மன்னிப்புக் கோரி விளம்பரம் கொடுத்துவிட்டதாக நிறுவனம் சொன்னபோது, வழக்கமாக நீங்கள் கொடுக்கும் விளம்பரத்தின் அளவில் அது இருந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் மன்னிப்பை ஏற்று, எச்சரிக்கையுடன் அவமதிப்பு நடவடிக்கை முடிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இது நடந்தது என்றால், கூரியரில் சூரணம் விற்பவரைச் சட்டம் தொடாது என்று நினைக்க வேண்டியதில்லை. அதற்கு யாராவது ஒருவர் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

பொட்டலத்தில் தயாரிப்பு உரிம எண்ணும் தயாரிப்பாளரின் முழு முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதையே புகாரின் முதல் வரியாக எழுதுங்கள். புகாரை இந்திய மருத்துவ மருந்துகளுக்கு உரிமம் வழங்கும் மாநில அதிகாரிக்கும், நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். கொடுத்த பணத்தையும், உடல்நலக் கேட்டுக்கான இழப்பீட்டையும் கோர மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல வேண்டும். கூரியர் ரசீது, பணம் அனுப்பிய பதிவு, மாத்திரையை நிறுத்தச் சொன்ன தொலைபேசி எண், நிகழ்ச்சி ஒளிபரப்பான நாளும் நேரமும் ஆகியவற்றை இன்றே குறித்து வையுங்கள். திரையின் அடியில் 'இது விளம்பரதாரர் நிகழ்ச்சி' என்று ஓடும் வரியைப் படம் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. நேயர் கேட்ட சந்தேகத்துக்கு மருத்துவர் பதில் சொன்னார் என்று பிறகு யாரும் தப்பிக்க முடியாது.

இதைச் சித்த மருத்துவத்தின் மீதான குறையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிவு பெற்ற சித்த மருத்துவர் எவரும், நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவருடைய மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாட்டார்.

'உலகிலேயே சுவையான முறுக்கு' என்று எங்கள் ஊர்க் கடை விளம்பரம் செய்கிறது. இதற்கும் வழக்குப் போடலாமா?
– வாசகர், மணப்பாறை

போட முடியாது. சுவை அவரவர் நாக்கைப் பொறுத்தது. அதை யாரும் அளந்து பார்த்து வாங்குவதில்லை என்பதால் இத்தகைய மிகைப்பேச்சைச் சட்டம் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அளந்து சரிபார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னால் நிலைமை மாறிவிடும். 'உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது', 'உலகின் முதலிடத்தில் உள்ள பல் கூச்சப் பற்பசை' என்று விளம்பரம் செய்த சென்சோடைன் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஆதாரமாக நிறுவனம் காட்டிய கருத்துக்கணிப்பு இந்தியப் பல் மருத்துவர்களிடம் எடுக்கப்பட்டது. அதை வைத்து 'உலகெங்கும்' என்று சொல்ல முடியாது. ஒரு கூற்றை வெளியிடுபவர், கேட்டால் காட்டும்படி ஆதாரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதே 2022 ஜூன் மாதம் வந்த விளம்பர வழிகாட்டு நெறிமுறைகளின் அடிப்படை. கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்துள்ளன.

'சேதாரம் 0%' என்ற விளம்பரத்தைப் பார்த்து மகளின் திருமணத்துக்கு நகை எடுத்தோம். பில்லைப் பார்த்தால், வழக்கமாக வாங்கும் கடையைவிடக் கூடுதலாகவே ஆகியிருக்கிறது. இது மோசடி இல்லையா?
– வாசகி, மதுரை

பில்லைப் பார்க்காமல் மோசடி என்று சொல்லிவிட முடியாது. எப்படிக் கூடுதலானது என்பதை மட்டும் விளக்க முடியும். கணக்கு எளிதாக இருக்க, 22 காரட் தங்கம் கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன், அதாவது 8 கிராம் சங்கிலிக்குத் தங்கத்தின் விலை 72,000 ரூபாய். முதல் கடை 10% சேதாரம் போட்டுச் செய்கூலி வாங்கவில்லை என்றால் 7,200 ரூபாய் சேர்ந்து 79,200 ஆகும். இரண்டாவது கடையில் சேதாரம் சுழியம். ஆனால் கிராமுக்கு 1,000 ரூபாய் செய்கூலி என்றால் 8,000 சேர்ந்து 80,000 ஆகிவிடும். இரண்டின் மேலும் 3% ஜிஎஸ்டி உண்டு. ஆக, சேதாரம் இல்லை என்று விளம்பரம் சொன்னதும் உண்மை. நீங்கள் 800 ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததும் உண்மை.

இன்னும் இரண்டு இடங்களில் விலை ஏறும். ஒன்று, கடை போட்டிருக்கும் கிராம் விலையே அன்றைய சந்தை விலையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். மற்றொன்று கல். கல் பதித்த நெக்லஸின் மொத்த எடைக்கும் தங்க விலை போட்டுவிட்டால், கண்ணாடிக் கல்லைத் தங்கத்தின் விலைக்கு வாங்கியதாகிவிடும். ஹால்மார்க் நகைக்கான பில்லில் தங்கத்தின் நிகர எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாகக் குறிப்பிடப்பட வேண்டும். அந்தக் கட்டணமும் நகை ஒன்றுக்கு வரி நீங்கலாக 45 ரூபாய்தான். 2023 ஏப்ரல் 1 முதல், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறி இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்தக் குறியைத் தட்டினால், நகையின் வகையும் தூய்மையும் திரையில் தெரியும். கையில் இருப்பது வளையலாகவும் செயலியில் வருவது மோதிரமாகவும் இருந்தால் பணத்தைக் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள். தூய்மை குறைவு என்று சோதனையில் தெரிந்தால், குறைந்த அளவுக்கான விலையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகப் பெற விதி இருக்கிறது.

உங்கள் பில்லில் செய்கூலி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் வழக்கு வலுவாக இருக்காது. விளம்பரத்தில் 'சேதாரம், செய்கூலி இரண்டும் இல்லை' என்று இருந்து, பில்லில் வேறு பெயரில் அந்தத் தொகை ஏறியிருந்தால் நிச்சயமாகப் புகார் செய்யலாம். 'சேதாரம் 2% முதல்' என்று வரும் விளம்பரங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். அந்த 'முதல்' என்ற சொல், கடையின் ஒரு மூலையில் இருக்கும் வேலைப்பாடில்லாத மோதிரத்துக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கக்கூடும். அறிவித்த விலையில் விற்க நியாயமான வாய்ப்பே இல்லாமல் ஆளைக் கடைக்கு இழுப்பதற்காகச் செய்யப்படும் தூண்டில் விளம்பரத்தை 2022 நெறிமுறைகள் தடை செய்கின்றன.

நட்சத்திரக் குறி போட்டு, 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று எறும்பு அளவில் அச்சிட்டுவிட்டால் அவர்கள் பொறுப்பிலிருந்து தப்பிவிட முடியுமா?
– வாசகர், ஈரோடு

முடியாது என்பதற்கு நல்ல சான்று, செயலி வழியாக ஆட்டோ, பைக் சவாரி தரும் ராபிடோ நிறுவனத்தின் வழக்கு. '5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லையென்றால் 50 ரூபாய்' என்று அந்த நிறுவனம் 120க்கும் மேற்பட்ட நகரங்களில் ஒன்றரை ஆண்டு காலம் விளம்பரம் செய்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது தெரிந்தவை இவை: கொடுப்பது 50 ரூபாய் அல்ல, '50 ரூபாய் வரை', அதுவும் பணமாக அல்லாமல் செயலிக்குள் மட்டுமே செல்லும் நாணயமாக, அந்த நாணயத்தை பைக் சவாரிக்கு மட்டும் பயன்படுத்தலாம், ஏழு நாளில் அது காலாவதியாகிவிடும். ஆட்டோவுக்காகக் காத்திருந்து ஏமாந்தவர் அடுத்த ஏழு நாளுக்குள் பைக்கில் ஏறியாக வேண்டும்! 2025 ஆகஸ்டில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்த ஆணையம், சொன்ன தொகை கிடைக்காதவர்களுக்கு அதைக் கொடுக்கும்படியும் உத்தரவிட்டது.

நிபந்தனை என்பது முதன்மைக் கூற்றை விளக்கலாமே தவிர, அதற்கு முரணாக இருக்கக் கூடாது. கூற்று எந்த மொழியில், எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே மொழியிலும் எழுத்திலும் நிபந்தனையும் இருக்க வேண்டும். தமிழில் பெரிதாகச் சலுகையை அறிவித்து, நிபந்தனையை ஆங்கிலத்தில் பொடியாக அச்சிடும் வழக்கம் இதனால் விதிமீறலாகிறது. நம் ஊர்ச் சுவரொட்டிகளிலும் திரைகளிலும் இது நாள்தோறும் நடப்பது என்பதால் குறிப்பாகச் சொல்கிறேன்.

குழந்தைகள் வளர, மூளை சுறுசுறுப்பாக இயங்க என்று விளம்பரம் செய்யப்படும் பானப் பொடியை ஐந்து ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறேன். இவை 'ஹெல்த் டிரிங்க்' இல்லை என்று அரசே சொல்லிவிட்டதாமே? '100% பழச்சாறு' என்பதும் பொய்யா?
– வாசகி, கோயம்புத்தூர்

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகைக்கு வரையறையே இல்லை. அதனால் இத்தகைய பொடிகளையும் பானங்களையும் அந்தத் தலைப்பின் கீழ் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. பொடி நஞ்சு என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அது இனிப்பூட்டிய பானப் பொடி, அவ்வளவுதான். பழச்சாற்றின் கதை சற்று வேறு. பழச்சாற்றை வற்றவைத்துக் கூழாக்கி, பிறகு தண்ணீர் சேர்த்து நிரப்பிய பாட்டிலில் '100% பழச்சாறு' என்று போடக் கூடாது என உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், சேர்பொருள் பட்டியலின் முதல் சொல்லே பெரும்பாலும் 'தண்ணீர்' என்றிருக்கும்.

டப்பாவின் முன்பக்கம் விளம்பரக்காரருடையது. பின்பக்கம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. சேர்பொருள்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. எனவே இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் சர்க்கரை இருந்தால், அதற்குப் பின்னால் வரும் இருபது வைட்டமின்களும் மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். அடுத்து, 100 கிராமில் எவ்வளவு சர்க்கரை என்ற கட்டத்தைப் பாருங்கள். 35 கிராம் என்று இருந்தால், ஒரு வேளைக்கு 20 கிராம் பொடி போடும்போது 7 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. காலை, மாலை இருவேளைக்கு 14 கிராம், ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. அதற்கு மேல் நீங்கள் தம்ளரில் போடும் சர்க்கரை தனி. 'ஒரு வேளைக்கான சத்து' என்ற கட்டத்தில் பாலுடன் சேர்த்துக் கணக்குக் காட்டியிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். பொடியின் பெருமை என்று நினைத்த புரதமும் கால்சியமும் உண்மையில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாலினுடையதாக இருக்கலாம்.

உணவுப் பொருள் பற்றிய தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. புகாரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுக்கலாம்.

'கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து 10 நிமிடம், பஞ்சாயத்து அப்ரூவல், 40 அடிச் சாலை, பூங்கா' என்ற துண்டறிக்கையை நம்பி மனைக்கு 2 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன். நேரில் போனால் 45 நிமிடம் ஆகிறது. பூங்கா என்று காட்டிய இடம் வேறொருவர் பெயரில் இருக்கிறது.
– வாசகர், செங்கல்பட்டு

அந்தத் துண்டறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். பத்திரப்பதிவுக் காகிதத்துக்கு இணையான மதிப்பு இப்போது அதற்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்திலோ விளக்க ஏட்டிலோ உள்ள பொய்யான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நட்டப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்றும், அவர் விலகிக்கொள்ள விரும்பினால் முழுத் தொகையையும் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்கிறது. 'வாய்மொழியாகச் சொன்னதுதானே', 'துண்டறிக்கை மாதிரிக்குத்தானே' என்ற பேச்சு இங்கே எடுபடாது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. விளம்பரத்தில் பதிவு எண் இடம்பெற வேண்டும். உங்கள் துண்டறிக்கையில் எண் இல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம்; திட்டமே பதிவு செய்யப்படாமல் இருந்தால் திட்ட மதிப்பில் 10% வரை அபராதம் விதிக்கலாம். எண் இருந்தால் ஆணையத்தின் இணையதளத்தில் அதைத் தேடி, அங்கே உள்ள மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா எங்கே காட்டப்பட்டிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லைக் கண்டதுமே விலகியிருக்க வேண்டும்; சென்னைப் பெருநகர எல்லைக்குள் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), வெளியே டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஆகியவற்றின் ஒப்புதல் இல்லாமல் ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் மனைப்பிரிவுக்குப் போதாது. விலையில் 10%க்கு மேல் வாங்குவதற்கு முன் விற்பனை உடன்படிக்கையை எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதையும் சரிபாருங்கள்.

ஒரே மாணவியின் படம் எங்கள் ஊரில் மூன்று ஐஏஎஸ் பயிற்சி மையங்களின் பேனர்களில் இருக்கிறது. எது உண்மை?
– வாசகர், சேலம்

மூன்றும் உண்மையாக இருக்கலாம். அதுதான் இதிலுள்ள தந்திரம். முதன்மைத் தேர்வுவரை தாமாகவே படித்துத் தேறியவர், நேர்காணலுக்கு முன் இலவசமாக நடத்தப்படும் மாதிரி நேர்காணல்களில் இரண்டு மூன்று இடங்களில் கலந்துகொள்வது வழக்கம். அந்த ஒரு மணி நேரத்தைக் காட்டி, லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஆண்டு வகுப்பை விற்கிறார்கள். இதற்காகப் பல மையங்களுக்கு அபராதம் விதித்த பிறகு, 2024 நவம்பரில் தனி நெறிமுறையே வந்தது. தேர்ச்சி பெற்ற பின் அவர் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் படத்தைப் போடலாம். எந்தப் படிப்பில் சேர்ந்தார், எவ்வளவு காலம் படித்தார், கட்டணம் செலுத்தினாரா என்பதையும் படத்தோடு சொல்ல வேண்டும். பேனரில் இந்த விவரம் இல்லையென்றால் படம் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் புகார் அனுப்புங்கள்.

விளம்பரத்தில் நடிக்கும் நடிகர்களுக்குப் பொறுப்பே இல்லையா? ஈமு கோழி விளம்பரத்தைப் பார்த்து அன்று என் மாமனார் இழந்த பணம் இன்றுவரை வரவில்லை.
– வாசகி, பெருந்துறை

ஈமு கோழி வளர்ப்பில் லாபம் தருவதாகச் சொல்லி மக்களிடம் முதலீடு வாங்கிய பண்ணைகள் 2012இல் சரிந்தபோது, விளம்பரத்தில் தோன்றியவர்களுக்குத் தண்டனை விதிக்கும் வெளிப்படையான பிரிவு நுகர்வோர் சட்டத்தில் இல்லை. இப்போது இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்துக்குத் துணைபோனவருக்கு முதல் முறை 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். முதல் முறை ஓராண்டு வரையும், மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரையும் எந்த விளம்பரத்திலும் பரிந்துரை செய்யத் தடையும் விதிக்கலாம். சொல்வது உண்மையா என்று உரிய அக்கறையோடு விசாரித்தேன் என்று நிரூபித்தால் மட்டுமே அவர் தப்ப முடியும். காசு வாங்கிக்கொண்டு பொருளைப் புகழும் யூடியூபர்களும் இன்ஸ்டாகிராம் பிரபலங்களும் இதில் அடக்கம். அது விளம்பரம் என்பதை எளிதில் தெரியும்படி அவர்கள் அறிவிக்க வேண்டும்.

கேரளத்தில் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம், முடி வளர்க்கும் கிரீம் ஒன்றின் தயாரிப்பாளருக்கும் அதில் நடித்த நடிகருக்கும் தலா 10,000 ரூபாய் விதித்த வழக்கு ஒன்று உண்டு. அந்தக் கிரீமைத் தாம் பயன்படுத்தியதில்லை என்றும், தம் தாயார் காய்ச்சித் தரும் எண்ணெயையே தேய்ப்பதாகவும் நடிகர் விசாரணையில் கூறினார். தொகை சிறியது, ஆனால் அந்த வாக்குமூலம் எத்தனையோ பேருடைய காசை மிச்சப்படுத்தியிருக்கும்.

பிரபலங்களின் முகத்தையும் குரலையும் கணினியில் போலியாக உருவாக்கிய காணொளிகள் இப்போது பெருகிவிட்டன. அதை நம்பிப் பணம் அனுப்பிவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் முன், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பிளக்கில் செருகினால் மின் கட்டணம் 40% குறையும் என்ற கருவியை 799 ரூபாய்க்கு வாங்கினேன். கட்டணம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. 799 ரூபாய்க்காக வழக்கு, வக்கீல் என்று அலைய முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

குறையாது. அந்தப் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் ஒரு சிறு மின்தேக்கியும் ஒரு பச்சை விளக்கும்தான் இருக்கும். மின்தேக்கி, திறன் காரணியை (வரும் மின்சாரத்தில் எவ்வளவு பயனுள்ள வேலையாகிறது என்ற அளவை) சற்று மாற்றலாம். ஆனால் வீட்டு மீட்டர் கணக்கிடுவது நீங்கள் உண்மையில் செலவழிக்கும் யூனிட்டுகளை மட்டுமே என்பதால் கட்டணத்தில் எந்த வித்தியாசமும் வராது. பச்சை விளக்குக்கான மின்சாரம்தான் கூடுதல்.

அலைய வேண்டியதில்லை. முதல் படி, விற்பனையாளருக்கு எழுத்தில் புகார் அனுப்புவது. அடுத்தது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்; தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். சிறு தொகைகள் பல இந்தக் கட்டத்திலேயே திரும்பி வந்துவிடுகின்றன. அப்போதும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனம் தில்லியில் இருந்தாலும் நீங்கள் நாகர்கோவிலைத் தாண்ட வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியில் இ-ஜாக்ரிதி தளத்திலும் பதிவு செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட நீளும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் மாவட்ட ஆணையத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மத்திய ஆணையம் நுகர்வோர் அனைவரின் நலனுக்காக விளம்பரத்தை நிறுத்தும், திருத்தச் சொல்லும், அபராதம் விதிக்கும். உங்கள் தனிப்பட்ட இழப்பீட்டைத் தீர்மானிப்பது மாவட்ட ஆணையம். மத்திய ஆணையத்தில் விளம்பரதாரர் தம் கூற்றுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். மாவட்ட ஆணையத்திலோ நீங்கள்தான் முதலில் உங்கள் சான்றுகளை வைக்க வேண்டும். ஆகவே விளம்பரத்தின் திரைப் படம், பில், பொருள், அட்டைப்பெட்டி, உங்கள் விஷயத்தில் கருவியைச் செருகுவதற்கு முன்னும் பின்னும் வந்த இரண்டு மின் ரசீதுகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

தொகை சிறியது என்று தயங்குபவர்களுக்கு நான் சொல்வது திருவள்ளூர் வழக்கு. பாக்கெட்டில் 16 பிஸ்கட் என்று அச்சிட்டுவிட்டு உள்ளே 15 வைத்த ஒரு பெரிய நிறுவனத்தின் மீது சென்னைக்காரர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். பிஸ்கட்டை எடைக் கணக்கில்தான் விற்கிறோம், எண்ணிக்கையில் அல்ல என்றது நிறுவனம். உறையில் எண்ணிக்கையை அச்சிட்ட பிறகு அந்த வாதம் செல்லாது என்றும், எடை போட்டுப் பார்த்தாலும் குறைவாகவே இருக்கிறது என்றும் சொன்ன ஆணையம், 2023இல் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. உள்ளே குறைவாக இருந்தது ஒரே ஒரு பிஸ்கட்தான்.

இவ்வளவும் எழுதுகிறீர்கள். உங்கள் இதழிலேயே முடி வளர்க்கும் எண்ணெய், மூட்டுவலித் தைலம் என்று பக்கம் பக்கமாக விளம்பரம் வருகிறதே, அதற்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா?
– வாசகர், தஞ்சாவூர்

இந்தப் பகுதியில் எழுதுபவன் என்ற முறையில் விளம்பரப் பக்கங்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. வழக்கமான தொழில் முறையில் விளம்பரத்தை வாங்கி வெளியிட்டேன் என்று பதிப்பாளர் நிரூபித்தால், 2019ஆம் ஆண்டுச் சட்டம் அவரை விட்டுவிடுகிறது. அந்த விளம்பரத்தை நிறுத்தவோ திருத்தவோ மத்திய ஆணையம் ஏற்கெனவே உத்தரவிட்டிருப்பது தெரிந்தும் வெளியிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டமோ, தடை செய்யப்பட்ட விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுப்பதையே குற்றம் என்கிறது. மூட்டுவாதம் அந்த அட்டவணையில் இருக்கிறது. 'வலிக்கு இதமளிக்கும்' என்பதற்கும் 'மூட்டுவாதத்தைக் குணப்படுத்தும்' என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் பல தைல விளம்பரங்கள் நிற்கின்றன. என் தனிப்பட்ட கருத்தில், இரண்டாவது வகையை எந்த இதழும் வாங்கக் கூடாது.

உங்கள் கடிதத்தின் நகலை விளம்பரப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன். எந்த இதழில், எந்தப் பக்கத்தில், எந்த வரி உங்களுக்குத் தவறாகப் பட்டது என்று குறிப்பிட்டு எழுதினால், அந்தக் கூற்றுக்கான ஆதாரத்தை விளம்பரதாரரிடம் கேட்டு, வந்த பதிலை இதே பகுதியில் வெளியிடுகிறோம். அதற்காகக் காத்திருக்காமல் 1915க்கோ மாவட்ட ஆட்சியருக்கோ நேரடியாகப் புகார் அனுப்பவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.